உள்ளங்கை அளவு கர்தினால்: மெட் அருங்காட்சியகத்தின் இலவசப் படச் சேவை, ஒரு சிவகாசி பிளேட்காரன் பார்வையில்

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தை எல்லோரும் மெட் என்றுதான் சொல்கிறார்கள். 2017 பிப்ரவரியில் அவர்கள் தங்களிடமுள்ள, காப்புரிமை இல்லாத பொருட்களின் படங்களைத் திறந்துவிட்டார்கள். தொடக்கத்திலேயே 3,75,000 படங்களுக்கு மேல். இறக்கிக்கொள்ளலாம், அச்சடிக்கலாம், காலண்டர் போட்டு விற்கலாம், கடிதம் எழுதி அனுமதி கேட்க வேண்டியதில்லை. இந்தக் கடைசி விஷயம்தான் என்னைப் போன்ற ஆளுக்கு முக்கியம். லண்டன் பிரிட்டிஷ் மியூசியமும் படங்களை நன்றாகவே காட்டுகிறது, ஆனால் இலவசம் என்பது வணிகமல்லாத பயன்பாட்டுக்கு மட்டும். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் மியூசியம் மெட்டைப் போலவே தாராளம். நான் மெட்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், அதில்தான் நிறைய நேரம் செலவழித்திருக்கிறேன்.

என் வேலை ஆஃப்செட் அச்சுக்குப் பிளேட் போடுவது. ஃபிலிம், பாசிட்டிவ், மாஸ்கிங் காலத்திலிருந்து, கணினியிலிருந்தே நேராகப் பிளேட் போடும் சிடிபி வரை பார்த்தாயிற்று. ஓவியம் தெரியாது, ஆனால் கோடு தெரியும், புள்ளி தெரியும்.

எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு லுத்தரன் சபை, ரோமத் திருச்சபையை எதிர்த்துப் பிரிந்த ஜெர்மன் துறவி மார்ட்டின் லூத்தரின் வழி வந்தது. அக்டோபர் 31-ஆம் தேதி சீர்திருத்தத் திருநாளுக்கு நுழைவாசலில் சில படங்கள் மாட்ட வேண்டும் என்று போதகர் வந்து கேட்டார். "அண்ணாச்சி, கூகுளில் வருகிற லூத்தர் படம் வேண்டாம். அவர் காலத்தில் அச்சடித்த படம் கிடைக்குமா?" மெட் தளத்தில் தேடினேன். ஜெர்மன் ஓவியர் லூகாஸ் கிரானாக் 1520-இல் செப்புத் தகட்டில் வெட்டிய லூத்தர் கிடைத்தார். கைபேசியில் காட்டினேன். போதகருக்கு அவ்வளவு திருப்தி இல்லை. "என்ன அண்ணாச்சி, ரொம்ப மெலிஞ்சு போயிருக்காரு? தொப்பி வெச்சு, கொஞ்சம் குண்டா இருக்கிற படம் இல்லையா?" அவர் சொன்னது பிற்காலத்து லூத்தர், கிரானாக் பட்டறையே பின்னாளில் ஏராளமாக வரைந்து தள்ளிய உருவம். 1520-இல் லூத்தர் இன்னும் அகுஸ்தீன் சபைத் துறவி. உச்சந்தலை மழித்து, சுற்றி மட்டும் முடி விட்டு, முரட்டு அங்கியோடு இருக்கிறார். கன்ன எலும்பு தெரிகிறது. நெற்றியில், புருவத்துக்கு மேலே, ஒரு முடிச்சு. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள் ஐயா என்றேன். பார்த்தார். "சரி, இதுவே இருக்கட்டும்."

இப்போது சேவைக்கு வருகிறேன். தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில்தான் தட்ட வேண்டும். பெயர் தெரிந்தால் போதும். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பக்கம்: செய்தவர், ஆண்டு, எந்த முறை, எத்தனை சென்டிமீட்டர், எப்படி அருங்காட்சியகத்துக்கு வந்தது, அதன் பதிவு எண். பப்ளிக் டொமைன், அதாவது காப்புரிமை இல்லாதது, என்ற குறி படத்தருகே இருந்தால் இறக்கும் அம்புக்குறியும் இருக்கும். உறுப்பினராக வேண்டாம், பணம் வேண்டாம். பழைய அச்சுப் படங்களில் பெரும்பாலும் நீள்பக்கம் மூவாயிரம், நாலாயிரம் பிக்சல் வருகிறது. கட்டடத்தையோ எண்ணெய் ஓவியத்தையோ பெரிதாக அடிக்க அது போதாது. ஆனால் நான் சபைக்கு அடித்த இரண்டு படங்களும் பதினைந்து சென்டிமீட்டர் உயரம்கூட இல்லாதவை. அசல் அளவில் அடித்தால் அங்குலத்துக்கு 600 புள்ளி கிடைக்கிறது. எங்கள் தொழிலுக்கு இது விருந்து.

அளவு விவரத்தைத் தவறாமல் படியுங்கள். திரையில் பார்க்கும்போது எல்லாம் ஒரே அளவாகத் தெரியும், அதுதான் இந்தச் சேவையில் ஏமாற்றுகிற இடம். மாநில அளவுக்கு அதிகாரம் வைத்திருந்த ஒரு பேராயரின் படம் நம் உள்ளங்கைக்குள் அடங்கும் என்பது ஏ4 தாளில் அசல் அளவில் அடித்து வைத்த பிறகுதான் உறைக்கிறது.

லூத்தரை இறக்கிய அதே நாளில் அவருக்கு எதிர்ப்பக்கத்து ஆளையும் தேடினேன். ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் ட்யூரர் 1519-இல் வெட்டிய கர்தினால், பிராண்டன்பர்க் ஆல்பிரெக்ட். கர்தினால் என்றால் ரோமத் திருச்சபையில் போப்புக்கு அடுத்த படி. 'சின்ன கர்தினால்' என்று இந்தப் படத்துக்குப் பெயர், ஏனென்றால் 1523-இல் ட்யூரரே இன்னொன்று, கொஞ்சம் பெரியதாக, வெட்டினார். போதகருக்கு இவரை நன்றாகத் தெரியும். மாக்டபர்க், மைன்ஸ் இரண்டுக்கும் பேராயர், ஹால்பர்ஸ்டாட்டின் நிர்வாகி, பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் வாக்குள்ள இளவரசர். ஒருவரே இத்தனை ஆசனத்தில் உட்கார ரோமுக்குப் பெரிய தொகை கட்ட வேண்டியிருந்தது. ஃபுக்கர் என்ற வட்டிக்கடைக் குடும்பத்திடம் கடன். அந்தக் கடனை அடைக்கத்தான், பாவத் தண்டனை குறையும் என்று சொல்லிக் காசுக்கு விற்ற பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையில் பாதிப் பணம் போனது. 1517 அக்டோபர் 31-இல் லூத்தர் அந்த விற்பனையை எதிர்த்து எழுதிய தன் 95 குறிப்புகளைக் கடிதத்தோடு அனுப்பியது இந்த ஆளுக்குத்தான். அடுத்த ஆண்டே கர்தினால் தொப்பியும் வந்தது. படம் வெட்டும்போது வயது 29.

இந்தப் படத்தை ஜூம் செய்து ஒரு மணி நேரம் பார்க்கலாம், நான் பார்த்தேன். முகம் கொஞ்சம் ஊதிய, தூங்கி எழுந்த முகம். பெரிய தேஜஸ் எல்லாம் இல்லை. ஆனால் முகத்தைச் சுற்றி என்னென்ன வைத்திருக்கிறார் பாருங்கள். பின்னால் திரைச்சீலை. தலைக்கு மேலே ஒரு பக்கம் பல கட்டங்களாகப் பிரித்த கேடயம், அதற்கு மேல் குஞ்சங்கள் தொங்கும் கர்தினால் தொப்பி. மறுபக்கம் பட்டங்கள், பெரிய எழுத்தில், சுருக்கிச் சுருக்கி, இடம் போதாமல்: இறை இரக்கத்தால் புனித ரோமத் திருச்சபையின் கர்தினால், மைன்ஸ், மாக்டபர்க் பேராயர், தேர்வாளர், நிர்வாகி, பிராண்டன்பர்க் பிரபு. கீழே ரோமானியக் கவி வர்ஜிலின் காவியத்திலிருந்து எடுத்து மாற்றிய ஒரு வரி: இப்படித்தான் அவர் கண்கள், இப்படித்தான் கன்னங்கள், இப்படித்தான் வாய். கூடவே வயதும் ஆண்டும்.

நம்மூர் ஃப்ளெக்ஸில் யார் முகம் எந்த அளவு, யார் பெயருக்கு முன்னால் எத்தனை பட்டம் என்று சண்டை வருமே, அந்தக் கணக்கை நான் தினமும் பார்த்தவன். இந்தச் செப்புத் தகட்டில் நடப்பதும் அதுதான், மூச்சுவிடாமல். ஒரு வித்தியாசம்: இங்கே அத்தனை எழுத்தும் தலைகீழாக, கண்ணாடி பிம்பமாக, ஒற்றை உளியால் செம்பில் தோண்டப்பட்டது. ஓர் எழுத்துகூட வழுக்கவில்லை. ட்யூரர் பொற்கொல்லர் வீட்டுப் பிள்ளை, அது கையில் தெரிகிறது.

சாம்பல் நிறம் எப்படி வருகிறது என்று பார்க்க இந்தச் சேவையைவிட நல்ல இடம் கிடையாது. நம் ஆஃப்செட்டில் சாம்பல் என்றால் புள்ளி. இதில் புள்ளியே இல்லை என்று சொல்லலாம். கோடு கனத்தால் கறுப்பு, மெலிந்தால் வெளுப்பு. கன்னத்தில் வளைந்து போகிற கோட்டின் மேல் இன்னொரு வரிசைக் கோடு குறுக்கே விழுகிறது, இடையில் எங்கோ சிறு குத்து. துணிக்கு ஒரு வகைக் கோடு, சதைக்கு வேறு வகை. தகட்டில் மையைத் தேய்த்து, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத்தாளை வைத்து உருளையில் அழுத்தினால் பள்ளத்து மை தாளுக்கு ஏறும். அதனால் கோடு தாளின் மேல் மேடாக நிற்கும். அதைத் திரை காட்டாது. எந்தச் சேவையாலும் காட்ட முடியாது, குறையாகச் சொல்லவில்லை.

இந்த முறையில் ஒரு சங்கடம் உண்டு. செம்பு மென்மையானது. சில நூறு பிரதிக்குள் மெல்லிய கோடுகள் தேயத் தொடங்கும். அச்செழுத்தோடு சேர்த்து ஒரே அச்சில் ஓட்டவும் முடியாது, தனி இயந்திரம், தனி ஓட்டம். மரக்கட்டை அப்படியல்ல: எழுத்தோடு சேர்த்துப் பூட்டி ஆயிரக்கணக்கில் ஓட்டலாம். ஆகவே செப்புப் படம் தெருவில் விற்கிற சரக்கு அல்ல, பரிசுச் சரக்கு. ட்யூரர் சின்ன கர்தினாலின் தகட்டையும் 200 பிரதிகளையும் ஆல்பிரெக்டுக்கு அனுப்பினார். அவர் பதிலுக்கு 200 பொன் நாணயமும் மேலங்கிக்கு இருபது முழம் டமாஸ்க் பட்டும் கொடுத்தார். பெரிய கர்தினால் போகும்போது 500 பிரதி. தகடு வாங்கியவர் கையில், அதாவது மறு அச்சு உரிமை கர்தினாலிடம். யாருக்குத் தன் முகம் போக வேண்டும் என்பதை அவரே தீர்மானிக்கலாம். ஹாலே நகரத்தில் தான் சேர்த்து வைத்திருந்த திருப்பண்டங்களுக்கு 1520-இல் ஒரு படப் பட்டியல் புத்தகம் போட்டார், அதிலும் இந்தப் படத்தைச் சேர்த்தார். அந்தப் பண்டங்களைத் தரிசித்தால் பாவத் தண்டனை குறையும் என்பது அன்றைய நம்பிக்கை. புத்தகத்தைத் திறப்பவர் புனிதர்களின் எலும்புகளோடு கர்தினாலையும் பார்த்தாக வேண்டும்.

இந்த 200 பொன் கணக்கு நமக்குத் தெரிவது ட்யூரர் 1520 தொடக்கத்தில் ஸ்பலாட்டினுக்கு எழுதிய கடிதத்தால். ஸ்பலாட்டின், லூத்தருக்கு அடைக்கலம் தந்த சாக்சனி இளவரசர் பிரடெரிக்கின் செயலாளர். கர்தினால் படத்தின் மூன்று பிரதியைக் கடிதத்தோடு வைத்து, பணம் வந்த கதையைச் சொல்கிற அதே கடிதத்தில் ட்யூரர் இன்னொன்றும் எழுதுகிறார்: கடவுள் அருளால் மார்ட்டின் லூத்தரைச் சந்திக்க வாய்த்தால் கவனமாக வரைந்து செம்பில் வெட்டுவேன், பெரும் மனக்கலக்கத்திலிருந்து எனக்கு உதவிய கிறிஸ்தவ மனிதர் அவர், அவர் நினைவு நெடுநாள் நிற்க வேண்டும் என்று. சந்திக்கவே இல்லை. கர்தினாலுக்குக் கூலிக்கு வெட்டினார், லூத்தருக்கு ஆசையாய் வெட்ட நினைத்தது நடக்கவில்லை. எனக்கு இந்தக் கடிதத்தில் வஞ்சகம் எதுவும் தெரியவில்லை. தேர்தல் காலத்தில் எதிரும் புதிருமான கட்சிக்கு ஒரே வாரத்தில் பிளேட் போட்டவனுக்கு இது புரியும்.

லூத்தரை வெட்டும் வேலை கிரானாக்குக்குக் கிடைத்தது. அவர் பிரடெரிக்கின் அரசவை ஓவியர், விட்டன்பர்க்காரர், லூத்தருக்கு நெருக்கம். அதே 1520-இல் அவர் கர்தினால் ஆல்பிரெக்டையும் ட்யூரர் படத்தைப் பார்த்து வெட்டியிருக்கிறார்! ஒரே பட்டறை, ஒரே ஆண்டு, இரண்டு தகடு.

இரண்டு படத்தையும் பக்கத்துப் பக்கத்தில் திறந்து வையுங்கள். மெட் தளத்தில் ஒரே பக்கத்தில் ஒப்பிட்டுப் பார்க்க வழி சொல்லியிருந்தால் நன்றாக இருக்கும், நான் இரண்டு சன்னலாகத் திறந்து வைத்தேன். லூத்தர் படத்தில் கேடயம் இல்லை. திரைச்சீலை இல்லை. தொப்பி இல்லை. பட்டம் ஒன்றுகூட இல்லை, இத்தனைக்கும் அவர் வேத சாஸ்திர டாக்டர், பல்கலைக்கழகப் பேராசிரியர். பின்னால் வெறும் தாள். கீழே ஒரு லத்தீன் ஈரடி: லூத்தர் தன் மனத்தின் அழியாத உருவைத் தானே வடிக்கிறார், லூகாஸின் மெழுகு வடிப்பது அழியும் முகத்தை. அதற்குக் கீழே கிரானாக்கின் சிறகு முளைத்த பாம்பு முத்திரை. கர்தினால் படத்து வாசகம் 'முகம் இதுதான்' என்று சத்தியம் செய்கிறது. இந்த வாசகம் 'முகத்தைப் பார்த்து என்ன செய்யப் போகிறாய், புத்தகத்தைப் படி' என்கிறது. சீர்திருத்தக்காரரின் படத்துக்கு இதைவிடப் பொருத்தமான விளம்பரம் எழுத முடியாது.

ஆனால் அரசவைக்கு இந்த மொட்டைப் படம் கொஞ்சம் காரமாகத் தோன்றியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் ஊகிக்கிறார்கள். ஏனென்றால் இதன் பழைய பிரதிகள் மிகக் குறைவு, அதே ஆண்டு கிரானாக் இன்னொரு தகடு வெட்டியிருக்கிறார். அதில் லூத்தர் ஒரு மாடத்துக்குள் நிற்கிறார், கையில் விரித்த வேதப்புத்தகம், மற்ற கை மார்பருகே. தேவாலயச் சுவரில் புனிதர் சிலையை வைக்கிற மாடம் அது. நெற்றி முடிச்சு தளர்ந்திருக்கிறது. சண்டைக்காரர் போய் சாந்தமான போதகர் வந்துவிட்டார். 1521-இல் ஸ்ட்ராஸ்பர்கில் ஓவியர் ஹான்ஸ் பால்டுங் இதே உருவத்தை மரக்கட்டையில் எடுத்து, தலைக்குப் பின் ஒளிவட்டமும் மேலே பரிசுத்த ஆவியின் புறாவும் சேர்த்தார். அது எழுத்தோடு ஓடும் சரக்கு, ஊரெங்கும் போனது. அந்தச் சமயத்தில் வோர்ம்ஸ் நகரில் இருந்த போப்பின் தூதர் அலேயாண்டர், ஒளிவட்டத்தோடும் புறாவோடும் லூத்தர் படம் விற்கிறது, மக்கள் வாங்கி முத்தமிடுகிறார்கள் என்று ரோமுக்கு எரிச்சலோடு எழுதினார். பட்டமும் கேடயமும் இல்லாத ஆளுக்கு ஜனங்களே ஒரு வருடத்துக்குள் ஒளிவட்டம் மாட்டிவிட்டார்கள். போதகரிடம் இதைச் சொன்னபோது முதலில் சிரித்தார், பிறகு, "சபையில் இதைச் சொல்லாதீங்க அண்ணாச்சி, நாங்க படத்தைக் கும்பிடுறதில்லைன்னு பெருமையா பேசிட்டு இருக்கோம்" என்றார்.

1523-இன் பெரிய கர்தினாலையும் இறக்கிப் பாருங்கள். முகம் பக்கவாட்டில் திரும்பிவிட்டது, ரோமானிய நாணயத்தில் பேரரசர் தலை இருப்பதுபோல. தொங்கும் தாடைச் சதையை ட்யூரர் ஒளிக்கவில்லை. பட்டங்கள் இப்போது கீழே தனிப் பலகையில், கல்வெட்டாய் நிற்கின்றன. அதே வர்ஜில் வரி மறுபடியும், வயது மட்டும் 34. இடையில் 1521 டிசம்பரில் லூத்தர் ஹாலே திருப்பண்டக் காட்சியை நிறுத்தச் சொல்லிக் கெடு வைத்து எழுதியிருந்தார், ஆல்பிரெக்ட் பணிவாகவே பதில் போட்டிருந்தார். இவ்வளவுக்குப் பிறகும் பலகையில் ஒரு பட்டம்கூடக் குறையவில்லை.

இதை எல்லாம் நான் வேறு இடங்களில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். மெட் தளத்தில் இது ஒரு போதாமை. பல அச்சுப் படங்களுக்கு விவர அட்டவணைதான் இருக்கிறது, கதை இல்லை. லத்தீன் வாசகத்துக்குப் பொருள் எல்லாப் பக்கத்திலும் கிடைக்காது. இந்தப் படங்களில் பாதி விஷயம் எழுத்தில்தான் இருக்கிறது, அதைப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வெறும் தொப்பிக்காரர் ஒருவரும் மொட்டைச் சாமியார் ஒருவரும்தான் தெரிவார்கள்.

அச்சடிக்கிறவர்களுக்கு நான் சொல்வது: இந்தக் கோப்பை அப்படியே நாலு கலரில் கொடுக்காதீர்கள். ஸ்கிரீன் புள்ளியும் வெட்டுக் கோடும் மோதி முகம் முழுக்க வலை விழும், கர்தினாலுக்கு அம்மை போட்டதுபோல ஆகிவிடும். தாளின் பழுப்பை நீக்கி, கிரேஸ்கேல் ஆக்கி, அளவைக் கூட்டி அங்குலத்துக்கு 1200 புள்ளியில் பிட்மேப் செய்து, ஸ்கிரீன் இல்லாமல் லைன் ஒர்க்காக ஒற்றைக் கறுப்பில் அடியுங்கள். பளபள ஆர்ட் பேப்பர் வேண்டவே வேண்டாம். புதுச்சேரி கைவினைத் தாள் அல்லது கனமான மேப்லித்தோ. ஏ3-க்குப் பெரிதாக்கினால் அங்குலத்துக்கு இருநூறு சொச்சம் பிக்சல்தான் மிஞ்சும், கோட்டு ஓரம் படிக்கட்டாகத் தெரியும். பெரிதாக வேண்டுமென்றால் முகத்தை மட்டும் வெட்டி எடுத்துப் பெரிதாக்காதீர்கள், அது வேறு படம் ஆகிவிடும். அசல் அளவில் அடித்து, சுற்றிலும் நிறைய வெள்ளை விட்டு, பெரிய சட்டத்தில் போடுங்கள்.

சபை வாசலில் இரண்டு சட்டமும் அருகருகே தொங்கின. கீழே தமிழில் பெயரும் அந்த லத்தீன் வரிகளின் பொருளும் போட்டுக் கொடுத்தேன். ஆராதனைக்கு வந்த ஒரு பாட்டி பெயரைப் படிக்காமலேயே நேராகக் கர்தினால் முன்னால் போய் நின்று, "இவருதானே நம்ம லூத்தர் ஐயா?" என்று கேட்டார். போதகர் அவரைக் கையைப் பிடித்து மொட்டைத் தலைப் பக்கம் நகர்த்தினார்.

காசு வாங்காத ஒரு சேவைக்கு மதிப்பெண் போடுவது நாகரிகமில்லை என்றாலும், ஐந்துக்கு நாலரை. அரை மதிப்பெண் குறைத்தது அந்த லத்தீனுக்காக. அடுத்த வருடத்துக்குப் போதகர் லூத்தரின் நண்பர் மெலாங்தன் கேட்டிருக்கிறார். ட்யூரர் 1526-இல் வெட்டியது, முகத்தை வரைந்தேன், மனத்தை வரையக் கை போதவில்லை என்று அதன் கீழேயும் ஒரு பலகை வைத்திருக்கிறார். கூடவே 1524-இன் இளவரசர் பிரடெரிக்கையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். அவருக்கு இரண்டு கேடயம்.